இரண்டு பக்கமும் சீவிய பென்சில்

கேளம்பாக்கத்துப் பெரியவரை அழ வைத்துவிட்டு வாசலுக்கு வந்த அபிதகுஜாம்பாள், செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்தது எந்த வீடுப்பா?" என்றாள். காய்கறிக் கடையில் கத்தரிக்காய் முடிந்து வெண்டைக்காய்க்குப் போகிறவளின் நிதானம் அந்தக் குரலில் இருந்தது.

ஜோஸ்வின் ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை.

"மேடம், அந்த ஆளு இன்னா பாவம் பண்ணாரு? ஒரு பேனாவக் காட்டி, தலைவர் இதுலதான் எழுதுனாருன்னாரு. 'நல்லா கீது சார்'னு சொல்லிட்டு வந்துகினே இருக்கலாம்ல?"

"அது ஜெல் பேனா, ஜோஸ்வின்."

"அதான் எனக்கே தெரியுதே!"

"தலைவர் செத்து அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அதுவும் தெரியும். அதுக்கோசரம் அவரு பேரனக் கூப்ட்டு, 'தம்பி, ரீஃபில் தீந்துபோச்சு, மாத்திக்கோ'ன்னு அவன் கைலயே குடுக்கணுமா?"

அபிதா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலையில் இருபது வருஷம் ஊறியவள். எரியாத கடைக்கு நஷ்டஈடு கேட்டவர்களையும், உயிரோடு இருக்கும் மாமனாருக்குத் திவசம் பண்ணியவர்களையும் பார்த்துப் பார்த்து, அவள் மனசில் இரக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வந்து உட்கார்ந்துவிட்டது. வி.ஆர்.எஸ். வாங்கிய பிறகு மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல் மாடியில் துப்பறியும் நிலையம் போட்டாள். வருகிற கேஸெல்லாம் மாப்பிள்ளை விசாரிப்பும் வீட்டு வாடகைத் தகராறும்தான். நெய் வாசனை மட்டும் இலவசம்.

ஜோஸ்வின் அவளுடைய உதவியாள். வயது முப்பத்தைந்து. பம்மல்காரன். கூரியர் வேலை பார்த்தவன் என்பதால் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. வாய் மட்டும் எந்தச் சந்திலும் முட்டாமல் போய்க்கொண்டே இருக்கும்.

இந்தக் கேஸ் மட்டும் அவனுக்கு வேறு மாதிரி. தலைவர் அறவாழியின் படம் அவன் வீட்டுச் சுவரில் இயேசுநாதர் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அவனுடைய தாத்தா பம்மலில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் கூலியாக இருந்தவர். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோல் தொழிலாளிகளைக் கூட்டி வைத்து அறவாழி பேசிய பேச்சைத்தான் 'ஈரத்தோல் உரை' என்று இன்றைக்கும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். பேசிய அந்த வாரமே கைது. அந்தப் பேச்சுக்காகவே தண்டனை. சிறையில் காசநோய் கண்டு, வெளியே வராமலே போய்ச் சேர்ந்தார்.

அந்த உரையைத் தலைவர் எந்த வீட்டில் உட்கார்ந்து எழுதினாரோ, அந்த வீட்டை நினைவகம் ஆக்க வேண்டும் என்று நினைவுக் குழு முடிவு பண்ணியது. உடனே ஊரப்பாக்கத்தில் ஒரு வீடு, கேளம்பாக்கத்தில் ஒரு வீடு, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீடு என்று மூன்று வீடுகள் 'எங்க வீட்டிலதான்' என்று கையைத் தூக்கின. எது நிஜம் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை, குழுவின் செயலாளர் ஷ்யாம்சுந்தர் அபிதாவிடம் ஒப்படைத்தார். ரியல் எஸ்டேட்டில் பெருத்து அரசியலில் இளைத்துப்போன மனிதர் அவர். இந்த நினைவகத்தை வைத்து மறுபடி கொஞ்சம் சதை போட்டுவிடலாம் என்ற நப்பாசை.

"தலைவர் கையில துண்டுச் சீட்டுகூட வெச்சுக்க மாட்டார் மேடம்," என்று முதல் நாள் பெருமையாகச் சொன்னார் அவர். "அப்படியே அருவி மாதிரி கொட்டுவார்!"

"அப்போ எதுக்கு எழுதினார்?" என்று கேட்டாள் அபிதா.

ஷ்யாம்சுந்தர் மேல்துண்டைச் சரிபண்ணிக்கொண்டார். "எழுதி மனப்பாடம் பண்ணியிருப்பார். கோர்ட்டுக் கேஸ் கட்டுலேர்ந்துதான் நமக்கு இந்த உரையே கிடைச்சது. ஒரு வார்த்தை பிசகாம அப்படியே இருக்கு. எழுதாம அவ்வளவு சுத்தமா வருமா, சொல்லுங்க?"

அபிதா அதை அப்படியே காதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஊரப்பாக்கத்தில் ஒரு மாமரத்தைக் காட்டி, தலைவர் அதன் நிழலில்தான் எழுதினார் என்றார்கள். மரத்துக்கு அந்த வீட்டு மூத்த மருமகள் வயசுகூட இல்லை. 'உங்க தலைவர் விதைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார் போலிருக்கு' என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டு எழுந்தாள் அபிதா. இன்றைக்குக் கேளம்பாக்கம் ஆயிற்று. பாக்கி தாம்பரம் வீடு.

*

அந்த வீட்டின் கதவைத் திறந்தவர் தபீதாள் டீச்சர். வயது எழுபத்தைந்து. கஞ்சி போட்ட காட்டன் புடவை, நிமிர்ந்த முதுகு. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்து பல வருஷம் ஆகியும் பள்ளிக்கூடம் அவரை விட்டுப் போகவில்லை. ஜோஸ்வினைப் பார்த்த முதல் பார்வையிலேயே, "தம்பி, மேல் பட்டனைப் போடுங்க," என்றார். அவன் போட்டுக்கொண்டான்.

டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீடு அவருடைய அப்பா கட்டியது. ஆனால் பத்திரம் தம்பி பேரில். தம்பி போன வருஷம் காலமாகி, வீடு இப்போது தம்பி மகன் ஜோனத்தானுக்கு வந்துவிட்டது. ஜோனத்தான் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறான். அத்தைக்கு ஊரப்பாக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது. நினைவகம் என்று முடிவானால் மட்டும் குழு வீட்டை வாங்கிக்கொள்ளும், பின்கட்டு அறையில் டீச்சர் கடைசி வரை இருந்துகொள்ளலாம், வருகிறவர்களுக்குக் கதையும் சொல்லலாம். டீச்சர் இதையெல்லாம் மறைக்காமல் அவரே சொன்னார்.

"எனக்கு வீடு வேணும்மா. அதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்றேன், நீங்க தீர்மானம் பண்ணுங்க."

முன்னறையை ஒட்டிய சின்ன அறைக்கு அழைத்துப் போனார். ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மேஜைமேல் கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட் துணியில் வரிசையாகப் பென்சில்கள். சில நீளம், சில கட்டை. எல்லாமே இரண்டு பக்கமும் கூராகச் சீவப்பட்டவை.

"தலைவர் உபயோகிச்சது. அப்பா இந்த மேஜை டிராயர்லயே பத்திரமா வெச்சிருந்தார்."

"ரெண்டு பக்கமும் சீவிட்டா காதுல எப்டி டீச்சர் சொருவறது? குத்திடுமே," என்றான் ஜோஸ்வின்.

"பெரியவங்க சிக்கனம் தம்பி அது."

"ரெண்டு பக்கம் சீவினா பென்சில் சீக்கிரம்தானே தீரும்?" என்றாள் அபிதா. டீச்சர் நாற்காலியைத் துடைத்து அவளை உட்கார வைத்துவிட்டு, வகுப்பில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"எனக்கு எட்டு வயசு. அன்னிக்கு ஓய்வுநாள்."

அபிதா புருவத்தை உயர்த்தினாள்.

"ஞாயித்துக்கிழம மேடம்," என்று மொழிபெயர்த்தான் ஜோஸ்வின். "பழைய சபைக்காரங்க வூட்ல அன்னிக்கி ஒரு வேலயும் செய்யக்கூடாது."

"ஆமா. எங்க வீட்டுல அடுப்புகூடப் பத்தவைக்க மாட்டோம். சனிக்கிழமை ஆக்கினதுதான். வீட்டுப்பாடம் எழுதினாலே அம்மா கையில போடுவாங்க. அப்படிப்பட்ட நாள்ல, விளக்கு வெச்சு ரொம்ப நேரம் கழிச்சு முழிச்சுப் பார்க்கறேன், இந்த ரூம் கதவு சாத்தியிருக்கு. உள்ளே வெளிச்சம். அம்மா வெளியே முழங்கால்ல நின்னு அழுதுக்கிட்டே ஜெபம் பண்றாங்க. 'ஆண்டவரே, உம்முடைய நாளிலே இந்த வீட்டிலே வேலை நடக்குது, எங்களை மன்னியும்'னு. என்னைப் பார்த்ததும், 'உள்ளே முக்கியமான ஆள் இருக்கார், வெளியே மூச்சு விடக்கூடாது'ன்னாங்க."

"அப்பா?" என்றாள் அபிதா.

"அப்பா வெளியூர். அரசாங்க ஆபீஸ்ல குமாஸ்தா. அடிக்கடி கேம்ப் போவார்."

"கூட்டமும் ஞாயித்துக்கிழமதான் டீச்சர்," என்றான் ஜோஸ்வின். "ஃபேக்டரி லீவு அன்னிக்கித்தானே."

"அதுக்கு முந்தின ஞாயிறா இருக்கும் தம்பி. எழுதின பிறகுதானே பேச முடியும்?"

ஜோஸ்வினுக்கு அது நியாயமாகவே பட்டது.

"கதவுல காதை வெச்சுக் கேட்டேன். ஒரு ஆம்பளைக் குரல். கம்மின குரல். ஒரு வரி சொல்றது, நிறுத்தறது, மறுபடி சொல்றது. பேனா ஓடற சத்தம். எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா மனசுல அப்படியே நின்னுபோச்சு. அப்புறம் காலேஜ்ல படிக்கறப்போ ஒரு பத்திரிகையில ஈரத்தோல் உரையைப் போட்டிருந்தாங்க. படிக்கறேன், உடம்பெல்லாம் ஆடுது. நான் கதவுக்கு வெளியே நின்னு கேட்ட அதே வரிகள்! ஓடி வந்து அப்பாகிட்ட காட்டினேன். 'அப்பா, தலைவர் நம்ம வீட்டுக்கு வந்திருந்தாராப்பா?'ன்னு கேட்டேன். அப்பா ஒண்ணுமே பேசல. முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதார். அவ்வளவு பெருமை அவருக்கு."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எட்டு வயசுப் பெண் கேட்ட குரல் அந்த எழுபத்தைந்து வயசுத் தொண்டையிலிருந்து மெல்ல வெளியே வந்தது.

"முதுகில் ஈரத்தோலைச் சுமக்கிறவனே, உன் தோலுக்கு இங்கே என்ன விலை... கைதட்டல். முதலாளி வீட்டு நாய்க்கு வைத்தியர் வருகிறார், உன் பிள்ளைக்கு வேப்பிலை வருகிறது... சிரிப்பு. அந்த வேப்பிலையும் அவன் தோட்டத்து வேப்பிலைதான்... கைதட்டல். தூறல். கூட்டம் கலையவில்லை."

ஜோஸ்வினுக்குப் புல்லரித்துவிட்டது.

"பார்த்தீங்களா? எந்த இடத்துல கைதட்டுவாங்க, எந்த இடத்துல சிரிப்பாங்கன்னு எழுதும்போதே தெரிஞ்சிருக்கு அவருக்கு!" என்றார் டீச்சர். "இதை முப்பது வருஷம் ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லியிருக்கேன். ஒரு எழுத்து கூட்டினதில்லை, குறைச்சதில்லை."

அபிதா எழுந்தாள். போகும்போது கண்ணாடிப் பெட்டியை மறுபடியும் ஒரு தடவை குனிந்து பார்த்தாள். கத்தவில்லை, குத்தவில்லை, நாளைக்கு வருகிறோம் என்று மட்டும் சொன்னாள். ஜோஸ்வினுக்கு முதலில் சந்தேகத்தைக் கிளப்பியதே அதுதான்.

*

"இந்தம்மா பொய் சொல்லல மேடம்," என்றான் டீக்கடையில்.

"சொல்லலை. அதான் கஷ்டம்." அபிதா கைப்பையிலிருந்து ஒரு பென்சிலையும் கசங்கிய பில் ஒன்றையும் எடுத்து அவன் முன் வைத்தாள். "நான் பேசறதை அப்படியே எழுது. ஒரு வார்த்தை விடக்கூடாது. உன் சம்பளத்தைப் பத்தித்தான் பேசப்போறேன்."

ஜோஸ்வின் பாய்ந்து பென்சிலை எடுத்தான். அவள் ஆரம்பித்தாள். நிறுத்தாமல், மூச்சு விடாமல், அவன் வாங்கிய அட்வான்ஸ், போட்ட லீவு, கூட்டி எழுதிய பெட்ரோல் கணக்கு, உடைத்துவிட்ட ஹெல்மெட், எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் விரட்டி விரட்டி எழுதினான். நாலாவது வரியில் முனை படக்கென்று ஒடிந்தது.

"மேடம், நில்லுங்க, முன உட்டுக்கிச்சு!"

அவள் நிற்கவில்லை. பேசி முடித்துவிட்டு டீயை எடுத்துக் குடித்தாள்.

"பேசறவன் உனக்காக நிக்க மாட்டான், ஜோஸ்வின். சீவறதுக்கு நேரம் கிடையாது. என்ன பண்ணியிருக்கணும் நீ?"

"இன்னொரு பென்சில் வெச்சிருக்கணும்."

"அதை எடுக்கறதுக்குள்ள ஒரு வரி போயிடும்."

ஜோஸ்வின் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தான். மொட்டையாக இருந்த மறு நுனியைப் பார்த்தான். மெதுவாக அதைத் திருப்பிப் பிடித்தான்.

"வூட்ல குந்தி, யோசிச்சு, சாவகாசமா எழுதறவனுக்கு எதுக்கு மேடம் ரெண்டு முன?"

"எதுக்கு?" என்றாள் அவளும். பிறகு, "அன்னிக்கு பம்மல் கூட்டத்துல மழை பெய்ஞ்சுதா?" என்று கேட்டாள்.

"பெஞ்சுது. தாத்தா சாவற வரைக்கும் அதத்தான் சொல்லிகினு இருந்தாரு. 'தூத்தல் போட்டுச்சுடா, ஒருத்தன் நவுரல, நனஞ்சுகினே கேட்டோம்'னு. அப்புறம் இன்னொண்ணு சொல்லுவாரு. மேடைக்குக் கீழ போலீஸ்காரங்க பக்கத்துல ஒருத்தன் மேஜ போட்டுகினு குந்தியிருந்தானாம். தலைவர் பேசப் பேசக் கோழி கிறுக்கறாப்ல எழுதிகினே இருந்தானாம். சுருக்கெழுத்து. தாத்தா போயி அவன் சட்டைல துப்புனாராம். அவன் தொடச்சிகினு மறுபடி எழுத..."

வாக்கியம் பாதியில் நின்றது. டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"எங்கே சிரிப்பாங்கன்னு வேணா ஒரு பேச்சாளன் ஊகிக்கலாம்," என்றாள் அபிதா. "தூறல் விழும்னு எப்படி ஊகிப்பான்? நடந்து முடிஞ்சதைத்தான் உள்ளே ஒருத்தன் படிச்சிருக்கான். இன்னொருத்தன் அதை கோர்ட்டுக்காக நல்ல எழுத்துல எழுதியிருக்கான். டீச்சர் சொன்னது முந்தின ஞாயிறு இல்லை. அதே ஞாயிறு. காலையில பிரதி மேலதிகாரி கைக்குப் போகணும், அதான் ஓய்வுநாள்னுகூடப் பார்க்கலை. தலைவர் அந்த வீட்டுப் பக்கமே வந்ததில்லை."

"அப்ப டீச்சரோட அப்பாரு..."

"வெளியூர் போகலை."

ஜோஸ்வின் பில் காகிதத்தைக் கசக்கினான். சுவரில் தொங்கும் படமும், கஞ்சி போட்ட புடவையும் அவன் மனசுக்குள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டன. "குழுகிட்ட சொல்லுங்க மேடம். அது உங்க தொழில். அந்தம்மாகிட்ட வேணாம். கேட்டுக்கறேன். பொய் சொன்னவங்க பொய்யில மாட்டுனாங்க, சரி. இவங்க நெசத்தச் சொல்லி மாட்டிகினாங்களே," என்றான்.

அபிதா அவனையே பார்த்தாள். "சரி. என் வாயால சொல்ல மாட்டேன்."

*

மறுநாள் டீச்சர் வீட்டு முன்னறை நிறைந்திருந்தது. ஷ்யாம்சுந்தர் புது வேட்டியில். ஜோனத்தான் செல்போனைத் தடவியபடி ஒரு மூலையில். டீச்சர் எல்லாருக்கும் எலுமிச்சை ஜூஸ் கலந்து வைத்திருந்தார்.

அபிதா செயலாளரை வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். கதவோரம் நின்ற ஜோஸ்வினுக்கு எல்லாம் கேட்டது. ஷ்யாம்சுந்தர் முகம் முதலில் வெளுத்தது. பிறகு யோசித்தது. பிறகு பழையபடி ஆகிவிட்டது.

"மத்த ரெண்டும் டூப்ளிகேட். இங்கே எழுதினது நிஜம்தானே?"

"எழுதினவன் போலீஸ் ஆள் சார். அந்த எழுத்தைக் காட்டித்தான் உங்க தலைவரை உள்ளே தள்ளினாங்க."

"அதெல்லாம் விடுங்க மேடம். திறப்பு விழாவுக்குத் தேதி வாங்கியாச்சு, அழைப்பிதழ் அடிச்சாச்சு. நீங்க ரிப்போர்ட்டை உள்ளதை உள்ளபடியே எழுதிக் குடுங்க, நான் பீரோவுல வெச்சுப் பூட்டிக்கறேன்."

உள்ளே வந்து, "டீச்சர், வாழ்த்துக்கள்! உங்க வீடுதான்!" என்றார்.

டீச்சர் இரண்டு கையையும் கூப்பி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே," என்றார். அவர் கண்ணில் தண்ணீர். ஜோனத்தான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது. அபிதா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீட்டிலிருந்து யாரையும் அழ வைக்காமல் கிளம்பப் போகிறாள் என்று ஜோஸ்வினுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

டீச்சர் ஒரு டம்ளர் ஜூஸை அவன் கையில் கொடுத்தார்.

"நீங்க பம்மல்தானே தம்பி? தோல் ஃபேக்டரி ஆளுங்களா?"

"தாத்தா டீச்சர்."

"உங்க தாத்தா மாதிரி ஆளுங்களுக்காகத்தான் எங்கப்பா தலையைக் குடுத்து, தலைவரை இந்த வீட்டுல ஒளிச்சு வெச்சு எழுத விட்டார். மாட்டியிருந்தா வேலை போயிருக்கும். இத்தனை வருஷத்துல உங்க பக்கத்து ஆளுங்க ஒருத்தராவது வந்து நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அதைத் தப்பா எடுத்துக்கலை. படிப்பு இருந்தாத்தானே அதெல்லாம் தெரியும்?"

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அவன் தோளைக்கூடத் தட்டிக்கொடுத்தார்.

ஜோஸ்வினுக்குள் என்னவோ அறுந்தது. தூறலில் நனைந்துகொண்டு நின்ற கிழவனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"எங்க தாத்தா உங்கப்பாவப் பாத்திருக்காரு டீச்சர்," என்றான். "அன்னிக்கி கூட்டத்துல. மேடைக்குக் கீழ குந்தி, போலீஸுக்கு எழுதிகினு இருந்தாரு உங்கப்பா. தாத்தா அவரு சட்டைல துப்புனாரு. அதான் எங்க ஆளுங்க சொன்ன நன்றி."

"ஜோஸ்வின்!" என்றாள் அபிதா. அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை.

அவனால் நிறுத்த முடியவில்லை. பென்சிலுக்கு ஏன் இரண்டு முனை, கைதட்டல் எப்படி முன்னாலேயே வந்தது, தூறலை யார் எழுதினார், எல்லாம் அவன் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

டீச்சர் அவனைக் கோபிக்கவில்லை. அபிதாவைத்தான் பார்த்தார்.

"அப்பா வெளியூர்ல இருந்தார்னுதானே அம்மா சொன்னாங்க?"

அபிதா செருப்பைப் பார்த்துக் குனிந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. அன்னிக்கு எங்கப்பா எங்கே இருந்தார்?"

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அபிதா கொஞ்ச நேரம் முயற்சி பண்ணினாள். இருபது வருஷப் பழக்கம் விடவில்லை.

"அந்தக் கதவுக்குப் பின்னால."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். நிமிர்ந்தே இருந்த முதுகு முதல் தடவையாக வளைந்தது.

"அழுதாரே," என்றார். "பத்திரிகையைக் காட்டினப்போ அழுதாரே. நான் தட்டுல சோறு போட்டுக்கிட்டே, 'அழாதீங்கப்பா, பெருமைப்படுங்க'ன்னேன்." பிறகு, "ஒவ்வொரு வருஷமும் அவர் எதிரிலேயே சொல்லியிருக்கேன். விருந்தாளி வந்தா, அவரையே பக்கத்துல உட்கார வெச்சு, கைதட்டல், சிரிப்புன்னு நடிச்சுக் காட்டியிருக்கேன். ஒருநாள்கூட என்னை நிறுத்தலையே அவர்," என்றார்.

ஷ்யாம்சுந்தர் தொண்டையைச் செருமினார். "டீச்சர், பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? நீங்க எப்பவும் சொல்றபடியே பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. அந்தக் கைதட்டல், தூறல், அதை மட்டும் எடுத்துடுங்க. எவனாவது புத்திசாலி கண்டுபிடிச்சிடப் போறான்."

"நான் பொய் சொன்னதில்லை சார்."

ஜன்னல் பக்கமிருந்து ஜோனத்தான் திரும்பினான். அவன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு தெளிவு.

"கஷ்டமா இருந்தா வேணாம் அத்தை. ஊரப்பாக்கம் ஹோம்ல உங்களுக்குப் போட்ட பெட் இன்னும் கேன்சல் பண்ணலை. ஆறு பேருக்கு ஒரு ரூம்தான், ஆனா நல்லா பார்த்துக்கறாங்க."

டீச்சர் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார், சுவரை, கதவை, கதவின் கீழ்ப்பாதியை, எட்டு வயசுப் பெண்ணின் காது எட்டுகிற உயரத்தை.

"சரி," என்றார்.

*

திறப்பு விழா முடிந்த மறுநாள், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஜோஸ்வின் கும்பலோடு உள்ளே போய்ச் சுவரோரம் நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. மேல் பட்டனை மட்டும் போட்டுக்கொண்டிருந்தான்.

மேஜைக்குப் பின்னால் தலைவர் அறவாழியின் பெரிய படம், ரோஜா மாலையோடு. கண்ணாடிப் பெட்டியில் பென்சில்கள் பளபளவென்று இருந்தன. 'தலைவர் எழுதியவை' என்று புதுப் பலகை. படத்துக்குக் கீழே டீச்சர் நின்றார். கஞ்சி போட்ட புடவை அதேதான். குரலும் அதே வகுப்புக் குரல்தான்.

ஓய்வுநாளைச் சொன்னார். அம்மாவின் ஜெபத்தைச் சொன்னார். சாத்திய கதவைச் சொன்னார்.

"முதுகில் ஈரத்தோலைச் சுமக்கிறவனே, உன் தோலுக்கு இங்கே என்ன விலை..."

அடுத்த வார்த்தையை விட்டுவிட்டு, அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த இடைவெளியில் பிள்ளைகள் தாங்களாகவே கை தட்டினார்கள்.

டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து மேலே போனார். நாய்க்கு வைத்தியர், பிள்ளைக்கு வேப்பிலை. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில்தான் சிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் டீச்சரின் உதடு லேசாக அசைந்ததை ஜோஸ்வின் பார்த்தான். சத்தம் மட்டும் வரவில்லை.

கதை முடிந்தது. முன்வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்து நின்றாள். எட்டு வயசு இருக்கும்.

"மிஸ், அப்போ உங்க அப்பா எங்கே இருந்தாங்க?"

டீச்சர் பிள்ளைகளின் தலைகளுக்கு மேலே பார்த்தார். சுவரோரம் நின்ற ஜோஸ்வினைக் கண்டுகொண்டார். பார்வையை எடுக்கவே இல்லை.

"வெளியூர் போயிருந்தார்மா," என்றார்.